கச்சான் அடங்கட்டும், கடலுக்குப் போகலாம்



ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டது. தென்காசி ரதவீதியில் குடைகள் தலைகீழாகத் திரும்பிக்கொள்கின்றன. கோபுர வாசலில் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, குடையைப் பிடிக்க இன்னொரு கை என்று இரண்டும் போய்விடுகின்றன. சீசன் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அறிவிப்பு வேண்டாம்.

இந்த மாதத்தில் நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் அருவிதான் இருக்கும். ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, பழைய குற்றாலத்தில் குளிக்க விடுகிறார்களா, வெண்ணமடைக் குளத்தில் படகு விட்டாயிற்றா என்று கேட்பார்கள். மேலகரத்து வாசகி ஒருவர் இம்முறை வேறு கேள்வி கேட்டிருக்கிறார். அந்தமான் போய்வந்த உறவினர் வீட்டு வீடியோவைப் பார்த்ததிலிருந்து பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்களாம். முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு கடலில் குப்புற மிதந்து, கீழே பவளப்பாறைகளைப் பார்ப்பது. ஸ்நார்கெலிங். “ஒரு சின்னப் படகு, எட்டுப் பத்துப் பேர், காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இதற்கு அந்தமானுக்கா போக வேண்டும்? நம் பக்கத்தில் தீவே கிடையாதா?” என்று கேட்கிறார்.

இருக்கிறது அம்மா. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு சரம்போலக் கிடக்கின்றன. தென்காசியிலிருந்து தூத்துக்குடிக்கு மூன்று மணி நேரப் பயணம்கூட இல்லை. அங்கே துறைமுகத்துக்கு எதிரே வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. வேம்பார் பக்கம் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புளுவினிச்சல்லி. கீழக்கரை பக்கம் ஆனைப்பார், அப்பா, தலையாரி, வாழை, முள்ளி. மண்டபம் பக்கம் முயல் தீவு, மனோலி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை. பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மீனவர் வாயில் வழங்கும் பெயர்கள், பலவற்றில் ஒரு தகவல் இருக்கிறது. எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பது உட்பட.

இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். மூன்று ஆண்டு கழித்து, 1989இல், வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள் இங்கே உண்டு. நம்மில் விலங்கியல் படித்தவர்களுக்குக் குருசடை என்றதும் பலனோகிளாசஸ் நினைவுக்கு வரும். முதுகெலும்பிகளுக்கும் முதுகெலும்பில்லாதவற்றுக்கும் நடுவே நிற்கிற அந்த மணல்புழுவைத் தேடி எத்தனை கல்லூரிப் பேருந்துகள் பாம்பனுக்குப் போயிருக்கும்! சென்னை அரசு அருங்காட்சியகம் 1927லேயே குருசடையின் கடலோர உயிரினங்களைப் பற்றி ஒரு தனி நூல் வெளியிட்டது. அந்த அளவுக்குப் பழைய புகழ்.

ஆனால் நினைத்த நேரத்தில் படகைப் பிடித்துப் போய் இறங்க முடியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைத்தால் குற்றம். வனத்துறையே உள்ளூர் மக்களை வைத்து நடத்தும் பயணங்கள் சில உண்டு. பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைப் பக்கம் படகு விடுகிறார்கள். பாக் விரிகுடாக் கரையில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். பிரப்பன்வலசையில் ஸ்நார்கெலிங் கற்றுக்கொடுக்கும் நீர்விளையாட்டு மையம் இருக்கிறது. எல்லாம் சின்ன அளவில்தான். அது அப்படியே இருக்கட்டும் என்பது என் ஆசை; அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எப்போது போவது? “சீசனுக்குக் குற்றாலம் வரும் விருந்தாளிகளை அப்படியே கடலுக்கும் கூட்டிப்போய்விடலாம்” என்று வாசகி எழுதியிருக்கிறார். அது நடக்காது. நமக்குச் சாரலைக் கொண்டுவரும் காற்றுதான் அங்கே கடலைக் கலக்குகிறது. கணவாயில் நுழைந்த தென்மேற்குக் காற்று நம் தலைக்கு மேல் ஈரத்தைக் கொட்டிவிட்டு, பாவூர்சத்திரம், சுரண்டை, கயத்தாறு வழியே காற்றாலைகளைச் சுற்றிவிட்டுக் கிழக்கே ஓடுகிறது. கடற்கரையில் அதற்குக் கச்சான் என்று பெயர். கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் அலை எழும், அடிமணல் கிளம்பும், தண்ணீர் கலங்கும். முகமூடி போட்டுக்கொண்டு குனிந்தால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. பேரருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்து விழும் நாளில் வான் தீவுக்குப் படகு கேட்பது வீண்வேலை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அதற்குப் பிறகு, தை பிறந்து பங்குனி வரை, காற்று அடங்கும், கடல் தெளியும். குற்றாலத்தில் பாறை மட்டும் காய்ந்து நிற்கும் அந்த மாதங்கள்தான் தீவுகளுக்கு நல்ல நேரம். நமக்கு இது எவ்வளவு வசதி! ஆண்டின் பாதி அருவிக்கு, மீதியில் கொஞ்சம் கடலுக்கு. சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை இருக்கிறதே என்பீர்கள். அந்த மாதங்களில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுக்கின்றன. 2010இலும் 2016இலும் வளைகுடாவில் பெரிய அளவில் வெளுத்தன. 2024இல் உலகெங்கும் அதே கதை. நோயாளியைப் பார்க்கக் கூட்டமாகப் போகாமலிருப்பது நம் ஊர் மரியாதைதானே.

வெளுப்பு என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. குட்டிக் குட்டி விலங்குகள் கூடிக் கட்டிய வீடு. அந்த விலங்கின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறது. வெயிலில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கிறது, நிறமும் அதனுடையதுதான். தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரண்டு டிகிரி சூடேறி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். பிறகு வெள்ளை எலும்புதான் தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், இல்லாவிட்டால் பட்டினியில் பவளம் சாகும். கிளைவிட்டு வளரும் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். உங்கள் கால் பட்டு ஒடிகிற ஒரு துண்டு உங்கள் மகளின் வயதைவிட மூத்ததாக இருக்கலாம்.

நம் ஆட்கள் இந்தப் பவளத்தை முருகைக்கல் என்று வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் வண்டி வண்டியாக அனுப்பிய காலம் உண்டு. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தபிறகுதான் அது மெல்ல அடங்கியது. அதற்குள் அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. முன்பு 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு 2 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்தது. அலையைத் தடுத்த பவளப் பார் போனதும் மணல் கரைந்துவிட்டது. 2015க்குப் பிறகு தீவின் முன்னால் காங்கிரீட்டில் செய்த செயற்கைப் பார்களை வரிசையாக இறக்கித்தான் அதை நிறுத்திப் பிடித்திருக்கிறார்கள்.

தீவின் மணலைப் பற்றி ஒரு சுவையான செய்தி. பவளத் தீவுகள் பலவற்றில் அதில் கணிசமான பங்கு கிளிமீனின் கழிவு. கிளிமீன் பவளத்தைக் கடித்து, அதிலுள்ள பாசியைத் தின்றுவிட்டு, மாவாகிய சுண்ணாம்பை வெளியே விடுகிறது. வெள்ளை வெளேரென்ற மணலில் படுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறவர்களிடம் இதைப் பயணம் முடிந்தபிறகு சொல்வது நல்லது.

சின்ன அளவே போதும் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு, அதாவது கூட்டத்துக்கு, இப்போது வருகிறேன். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பேரருவியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாம் அருவியில் கூடாது என்று நீதிமன்றம் சொல்லித்தான் நாம் கேட்டோம்; இன்னும் முழுதாகக் கேட்டபாடில்லை. அருவி பாறையில் விழுகிறது, அது பொறுத்துக்கொண்டது. பவளத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நம் வழக்கத்தின் கடல் வடிவம் சன்ஸ்கிரீன். அதிலுள்ள ஆக்ஸிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் இளம் பவளத்துக்குக் கேடு என்று கருதி, பாலாவ் நாடு 2020லிருந்தும் ஹவாய் 2021லிருந்தும் அத்தகைய களிம்புகளுக்குத் தடை போட்டுவிட்டன. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினால் களிம்பே தேவையில்லை.

கூட்டம் என்ன செய்யும் என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடா சாட்சி. ஒரு ஹாலிவுட் படத்தால் புகழ்பெற்று, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் வேகப்படகில் வந்து நங்கூரத்தைப் பவளத்தின்மேல் போட்டதில் அந்த இடம் செத்துப்போனது. 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது விரிகுடாவுக்குள் படகு நுழையக் கூடாது. அந்தமானில் இதைக் கொஞ்சம் முன்யோசனையோடு செய்கிறார்கள். வண்டூரிலிருந்து போகும் ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகளில் ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும். பிளாஸ்டிக் கூடாது, ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

நம் மொழி பேசும் கரையிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாமலை. 2003இல் தேசியப் பூங்காவானது. நிலாவெளிக் கரையிலிருந்து சிறு படகில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். காலையில் போய் மீன்களையும் கறுப்புத்துடுப்புச் சுறாக்குட்டிகளையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். வாசகி கேட்ட அதே அரைநாள் பயணம். நம் கச்சான் காலத்தில் அங்கே கடல் அமைதி, ஏனென்றால் இலங்கையின் கிழக்குக் கரை காற்றுக்கு மறைவு. 2009இல் போர் முடிந்தபிறகு கூட்டம் பெருகியது. ஆழமில்லாத இடத்தில் பவளத்தின்மேலேயே நின்று இளைப்பாறினார்கள், அந்தப் பகுதி நொறுங்கியது. ஆகவேதான் சின்னப் படகு, சின்னக் குழு என்று வாசகி கேட்டதை நான் விருப்பமாகப் பார்க்காமல் நிபந்தனையாகவே வைக்கச் சொல்கிறேன். எட்டுப் பேர் இருந்தால் கூட வரும் மீனவரால் எட்டுப் பேரையும் கண்ணில் வைத்திருக்க முடியும். நாற்பது பேர் என்றால் தலைகளை எண்ணுவதற்கே அவருக்கு நேரம் சரியாயிருக்கும்.

எட்டுப் பேரானாலும் ஆபத்து இல்லாமலில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவனை இழந்தோம். அருவிக் குளியல் தெரிந்தவர்கள் என்பதாலேயே நாம் நீச்சல்காரர்கள் ஆகிவிட மாட்டோம். மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். முகமூடி பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டிருந்தால் சரியான அளவு. மீசைக்காரர்களுக்கு ஓரத்தில் தண்ணீர் கசியும்; திருநெல்வேலிச் சீமையில் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு, மீசையைப் பற்றிய முடிவை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். வாயால் மட்டும் மூச்சு விடப் பழக, பத்து நிமிடம் இடுப்பளவு நீரில் நின்று பாருங்கள். களைத்தால் நிற்க இடம் தேடாதீர்கள், மல்லாந்து மிதந்தபடி இருங்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். கடலட்டையையோ சங்கையோ எடுத்துப் பையில் போடாதீர்கள். கடலட்டை சட்டப்படி புலிக்குச் சமம், வைத்திருந்தால் சிறை.

தண்ணீரில் இறங்கப் பயப்படும் பெரியவர்களுக்கு ஏர்வாடிப் பக்கம் அடியில் கண்ணாடி பதித்த படகு விடுவார்கள். காற்றைப் பார்த்துத்தான் விடுவார்கள் என்பதால் வனச்சரக அலுவலகத்தில் முன்தினமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலும் ஒரு வேண்டுகோள். முகமூடியும் குழாயும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு மூச்சில் இறங்கி முத்தும் சங்கும் குளித்தவர்கள் தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் வாழ்ந்தார்கள். எந்தப் பார் எங்கே, அங்கே எத்தனை பாகம் ஆழம், எந்தக் காற்றில் தெளியும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் குடும்பங்களில் பெண் கொடுத்து, எடுத்தவர்கள் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். மாமனாரிடமோ தாத்தாவிடமோ உட்கார்ந்து கேட்டு, பார்களின் பெயர்களையும் அவர் சொல்லும் கதைகளையும் எழுதி அனுப்புங்கள். தை மாத இதழில் அவற்றுக்கே பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம். கையெழுத்து புரியாவிட்டால் நாங்களே போன் செய்து கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்