மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகும் நண்பனுக்கு

போன மாதம் என் பள்ளித் தோழன் ஒருவன் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து போன் செய்தான். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இன்னும் "ஏலே" என்றுதான் கூப்பிடுவான்.

"ஏலே, ஆஸ்திரேலியாவுல மெஷின் வச்சுத் தங்கம் தேடினியாமே? இங்க ஒருத்தன் அந்த மாதிரிக் கருவி கொண்டாந்து காட்டுதான். ஆறு லட்சம் சொல்லுதான். நம்ம தேரிக்காட்டுல வச்சுப் பாத்தா ஏதாவது ஆப்பிடாமலா போவும்? ரிட்டயர்மென்ட் பணம் பேங்குல சும்மாதான கெடக்கு" என்றான்.

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல நினைக்கிற நம் வயதுக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்புச் சத்து மிகுந்த மண்ணில் மெட்டல் டிடெக்டரைப் பழகுவது அருமையான பொழுதுபோக்கு. காலுக்கு நடை, காதுக்கு வேலை, மனதுக்குப் பொறுமை. ஆனால் அது பணம் பண்ணும் வழி அல்ல. மண்ணைப் பழகாமல் மெஷினை மட்டும் வாங்குகிறவனுக்கு அது பணத்தைத் தொலைக்கும் வழி.

இரண்டு வருடங்களுக்கு முன் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். ஆஸ்திரேலியாவில், மெல்பர்னுக்கு வடமேற்கே உள்ள பெண்டிகோ என்ற ஊர். 1851-ல் அங்கே தங்கம் கண்டுபிடித்தார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஜனங்கள் மண்வெட்டியோடு வந்து குவிந்தார்கள். அந்த வட்டாரத்தில் மோலியாகல் என்ற இடத்தில் 1869-ல் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவருக்குச் சுமார் 70 கிலோ எடையுள்ள ஒரே தங்கக் கட்டி கிடைத்தது. ஒரு மரத்தின் வேருக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஓர் அங்குல ஆழத்தில் கிடந்ததாம். 1980-ல் கிங்கோவர் பக்கத்தில் கெவின் ஹில்லியர் என்பவர் மெட்டல் டிடெக்டர் வைத்தே 27 கிலோ கட்டி ஒன்றை எடுத்தார். அதுவும் ஓர் அடி ஆழத்தில்தான் இருந்தது.

இந்தக் கதைகளைக் கேட்டபின் எனக்கும் ஆசை வந்தது. மகன் தன் ஆபீஸ் நண்பரிடமிருந்து ஒரு பழைய மெஷினை இரவல் வாங்கித் தந்தான். அங்கே தங்கம் தேட "மைனர்ஸ் ரைட்" என்று ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். சொற்பக் கட்டணம், பத்து வருடம் செல்லும். 1855-லிருந்து வருகிற வழக்கம் அது. அதையும் முறையாக எடுத்துக்கொண்டு, குல்லாய் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன்.

முதல் நாள் அனுபவம் பரிதாபம். மெஷினைத் தரையருகே கொண்டுபோனதும் அலற ஆரம்பித்தது. இடப்பக்கம் வீசினால் ஒரு சத்தம், வலப்பக்கம் வீசினால் இன்னொரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் குழி வெட்டினேன். மாலைக்குள் முப்பது குழிக்கு மேல். கிடைத்தது கரும்பழுப்பு நிறக் கற்களும் முதுகுவலியும்தான். "மெஷின் ரிப்பேர்" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அடுத்த வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். முப்பது வருடமாக இதில் பழகியவர். அவரிடம் புகார் சொன்னபோது சிரித்தார். "மெஷின் சரியாகத்தான் வேலை செய்கிறது. மண் பேசுகிறது. அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்குத் தெரியவில்லை" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெஷினின் அடியில் இருக்கிற வட்டமான காயில் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சிறிய மின்னோட்டம் சுழலும். அந்த மின்னோட்டம் உண்டாக்குகிற காந்தப்புலத்தைக் காயில் பிடித்து நமக்குச் சத்தமாகத் தருகிறது. கடற்கரை வெண்மணலில் இதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் மேக்னடைட், மேக்ஹெமைட் போன்ற இரும்பு ஆக்ஸைடுகள் கலந்த மண் தானும் பதில் சொல்லும். ஒரு குன்றிமணித் தங்கத்தின் பதிலைவிட மண்ணின் பதில் பல மடங்கு பெரிதாக இருக்கும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஊதும்போது பக்கத்து நாற்காலிக்காரர் காதில் ரகசியம் சொல்வது போலத்தான்.

நான் 36 வருடம் டெலிபோன் துறையில் இருந்தவன். பூமிக்கடியில் போகும் கேபிளில் டோன் அனுப்பி, மேலே காயிலும் ஹெட்போனுமாக நடந்து தடம் பிடித்தவன். அந்தத் திமிரும் எனக்கு இருந்தது. ஆனால் டெலிபோனைத் தந்த கிரகாம் பெல்லே இதில் தோற்றிருக்கிறார். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட பெல் தன் கருவியோடு போனார். எங்கே வைத்தாலும் சத்தம் வந்தது. காரணம், மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன. போதாக்குறைக்கு மருத்துவர்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டுமே தேட அனுமதித்தார்கள். குண்டு மறுபக்கம் இருந்தது. ஜனாதிபதி செப்டம்பரில் இறந்துபோனார். கருவியில் குறையில்லை. சுற்றிலும் இருந்த இரும்புதான் காதைக் கெடுத்தது.

இரண்டாம் நாள் நான் இன்னொரு தப்புச் செய்தேன். மெஷினில் "டிஸ்கிரிமினேஷன்" என்று ஒரு வசதி உண்டு. இரும்பின் சத்தத்தை ஒதுக்கிவிட்டு மற்ற உலோகத்தை மட்டும் சொல்லும். அதை முழுவதும் திருகி வைத்தேன். காடே அமைதியாகிவிட்டது. இரண்டு மணி நேரம் சுகமாக நடந்தேன். பெரியவர் வந்து, மீன் தூண்டிலில் கட்டும் ஒரு சின்ன ஈயக் குண்டை நாலு அங்குல ஆழத்தில் புதைத்து, "இப்போது தேடுங்கள்" என்றார். என் மெஷின் வாயே திறக்கவில்லை. அதே இடத்தில் அந்த வசதியை அணைத்துவிட்டு, மண்ணுக்கு ஏற்றபடி சரி செய்து வீசினார். மெல்ல, ஆனால் தெளிவாக ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

இரும்பு மண்ணுக்குள் கொஞ்சம் ஆழத்தில் கிடக்கிற தங்கத்தையும் இந்த வசதி இரும்பென்றே நினைத்து ஒதுக்கிவிடும். தொந்தரவு வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டால் நல்ல சேதியும் காதில் விழாது. ரிட்டயர் ஆன பிறகு நம்மில் பலர் இதைத்தான் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அது வேறு கதை.

பெரியவர் சொல்லித் தந்ததில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன். முதலில், உலோகம் இல்லாத ஒரு இடத்தில் நின்று, கிணற்றில் வாளியை ஏற்றி இறக்குவது போலக் காயிலைத் தரைக்கு அருகே மேலும் கீழும் அசைத்து, ரீங்காரம் ஒரே சீராக வரும்வரை மெஷினை மண்ணுக்குப் பழக்க வேண்டும். பத்தடி நடந்தால் மண் மாறும், மறுபடி பழக்க வேண்டும். இரண்டாவது, சென்சிடிவிட்டியைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். கூட்டினால் மண்ணின் கூச்சல்தான் கூடும். மூன்றாவது, சின்னக் காயில் நல்லது. அது பார்க்கிற மண் குறைவு, ஆகவே கூச்சலும் குறைவு. நான்காவது, தரையிலிருந்து ஒரே உயரத்தில், மெதுவாக வீச வேண்டும். ஐந்தாவது, சத்தம் கேட்டால் குறுக்காகவும் வீசிப் பார்க்க வேண்டும். அப்புறம் காலால் இரண்டு அங்குல மண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். உலோகமானால் சத்தம் கூர்மையாகும். மண்ணின் சத்தமானால் பெரும்பாலும் பரவும், அல்லது மறையும்.

இதையெல்லாம் ஒரு பழைய ஓடைக்கரையில், நம் வீட்டு முற்றம் அளவு இடத்திலேயே ஒரு மாதம் பழகினேன். துப்பாக்கி ஈய ரவைகள், பூட்ஸ் ஆணிகள், ஒரு தகர டப்பாவின் மூடி, இன்னும் என்னென்னவோ. ஐந்தாவது வாரத்தில் ஒரு தங்கத் துணுக்கு கிடைத்தது. அரை கிராம்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்து என் மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை பெட்ரோல்?" என்றாள். கணக்கு அவள் பக்கம்தான். ஆனால் அந்த மெல்லிய சத்தத்தை மண்ணின் சத்தத்திலிருந்து என் காதே பிரித்தெடுத்த அந்த நிமிஷத்துக்கு நான் விலை போடவில்லை.

"விலை கூடின மெஷின் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். "பல்ஸ் இண்டக்ஷன்" என்ற வகை மெஷின்கள் இப்படிப்பட்ட மண்ணில் நன்றாகவே வேலை செய்யும். காந்தத் துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, அது அடங்குகிற விதத்தைக் கேட்கும் கருவிகள் அவை. ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் அவற்றுக்குத்தான் மதிப்பு. ஆனால் அவை இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் பலவீனமானவை. ஆணியானாலும் தோண்டித்தான் ஆக வேண்டும். ஆக, பணம் கொடுத்து மண்ணின் கூச்சலைக் குறைக்கலாம், முதுகுவலியைக் குறைக்க முடியாது.

இப்போது நம் தேரிக்கு வருகிறேன். தேரி மணலின் சிவப்பு இரும்பு ஆக்ஸைடால் வந்தது. ஆனால் சிவப்பை மட்டும் பார்த்து மெஷின் கத்துமா என்று முடிவு கட்ட முடியாது. ஹெமடைட் நல்ல சிவப்பு, ஆனால் காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது. சின்ன வயதில் நாம் காந்தத்தை மணலில் இழுத்து, ஒட்டுகிற கருந்தூளைக் காகிதத்தில் சேர்ப்போமே, அதே சோதனைதான். எவ்வளவு கருந்தூள் ஒட்டுகிறதோ அவ்வளவு கூச்சலை எதிர்பார்க்கலாம்.

அதைவிட முக்கியமான விஷயம் வேறு. பெண்டிகோவில் மண்ணுக்குள் தங்கம் இயற்கையாக இருக்கிறது, அரசாங்கமே சீட்டுக் கொடுத்துத் தேடச் சொல்கிறது. நம் பக்கம் மண்ணுக்குள் இருப்பது முன்னோர் விட்டுப் போனது. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நூற்றிருபது வருடங்களுக்கு முன் தோண்டியபோது தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொன் பட்டங்களும் கிடைத்தன. எந்தத் தாழிக்குப் பக்கத்தில் எது இருந்தது என்று தெரிந்தால்தான் அது சரித்திரம். இரவில் மெஷின் வைத்துப் பிடுங்கி எடுத்தால் வெறும் பழைய இரும்பு. சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. எழுபது வயதில் நமக்கு அது தேவையா?

நண்பனிடம் இன்னொன்றும் கேட்டேன். "அந்த ஆள் எவ்வளவு தூரத்துக்குக் காட்டும் என்கிறான்?" "நூறு மீட்டர் தள்ளி இருந்தாலும் காட்டுமாம்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காயில் வைத்த எந்தக் கருவியும் ஒரு மோதிரத்தைச் சில அங்குல ஆழத்தில்தான் காணும். பெரிய பொருளானால் சில அடி. நூறு மீட்டர் என்று சொல்கிறவன் மெஷின் விற்கவில்லை, ஆசையை விற்கிறான்.

ஆகவே ஒரு யோசனை சொன்னேன். "நீ தனியாகப் போய், உன் மோதிரத்தைத் தேரியில் அரை அடி ஆழத்தில் புதை. பக்கத்தில் ஒன்பது இடத்தில் சும்மா குழி வெட்டி மூடு. புதைத்த இடத்தை உன் டைரியில் மட்டும் குறித்து வை. அந்த ஆளை வரச் சொல்லி எது என்று கேள். ஒருமுறை சொன்னால் போதாது, மூன்று முறை மாற்றி மாற்றிப் புதைத்துக் கேள். சொல்லிவிட்டால் அப்புறம் பேசலாம்."

அவனுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், சின்ன விலையில் ஒரு மெஷின் வாங்கட்டும். தன் சொந்தத் தோட்டத்தில், பேத்தி தொலைத்த கம்மலைத் தேடட்டும். ஈயக் குண்டைப் புதைத்துப் பழகட்டும். ஒரு மாதம் கழித்து மண் பேசுவது எது, உலோகம் பேசுவது எது என்று அவன் காது சொல்லும். கூட இருந்து சொல்லித்தர நானும் தயார். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.

நேற்று மறுபடி போன் செய்தான். சோதனைக்கு அந்த ஆள் சம்மதித்தானாம், வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னானாம். வெள்ளிக்கிழமை போய் அடுத்த செவ்வாயும் போய்விட்டது, ஆளைக் காணோமாம். பணம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.