தேனீயின் தனிக்குடித்தனம்

'ஓடிப் போய்விட்டது' என்று நம்மிடம் ஒரு வார்த்தை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் விசாரணையே வேண்டியதில்லை. ஓடியவர் மேல் குற்றம். வைத்திருந்தவர் மேல் அனுதாபம். தீர்ப்பு முடிந்தது. புதிதாகத் தேன் பெட்டி வைத்தவர்கள் வாயில் இந்த வார்த்தை தயாராக இருக்கிறது. "சர்க்கரைப் பாகு வைத்தேன் ஸார்! எறும்பு ஏறாமல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினேன்! நன்றி கெட்ட பூச்சி, ஓடிப் போய்விட்டது!"

இப்படி அங்கலாய்ப்பவருக்கு அக்கம்பக்கத்து அனுபவசாலிகள் இரண்டு ஆயுதங்களைக் கொடுக்கிறார்கள். ஒன்று கத்தரிக்கோல்: ராணியின் இறக்கையை நறுக்கிவிடு. இன்னொன்று கட்டைவிரல்: புது ராணி வளரும் அறையைக் கண்டால் நசுக்கிவிடு. இந்த இரண்டு யோசனையும் தேனீக்கும் நல்லதல்ல, வளர்ப்பவருக்கும் நல்லதல்ல என்பது என் கட்சி.

முதலில் வார்த்தையைச் சரிசெய்து கொள்வோம். தேனீ பெட்டியை விட்டுப் போவதில் இரண்டு விதம் உண்டு. பட்டினி, வெயில், எறும்பு, மெழுகுப் பூச்சி, ஓயாமல் மூடியைத் திறந்து பார்க்கிற எஜமானர் - இவற்றில் ஏதோ ஒன்று பொறுக்க முடியாமல் குடும்பம் முழுவதும், அடையை அப்படியே போட்டுவிட்டுப் போவது ஒன்று. அதை ஓட்டம் என்று சொல்லுங்கள், ஒப்புக் கொள்கிறேன். மற்றது பிரிவு. பூ நிறைய இருக்கிறது, மகரந்தம் குவிகிறது, குஞ்சு பெருகிப் பெட்டியில் நிற்க இடமில்லை. அப்போது ஏறத்தாழப் பாதிக் கூட்டம் பழைய ராணியோடு புறப்படுகிறது. மிச்சக் கூட்டம் வீட்டிலேயே இருக்கிறது. முன்னது வறுமையின் காரியம். பின்னது செழிப்பின் காரியம். பஞ்சத்தில் ஊரை விட்டுப் போகிறவனையும், மகள் கையில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிற தாயையும் ஒரே பெயரால் அழைக்கலாமா?

ஆம், தாய்தான் போகிறாள். நம் வீடுகளில் தனிக்குடித்தனம் என்றால் சின்னஞ்சிறுசுகள் போவார்கள். மாமியார் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருப்பாள். தேனீயின் வழக்கம் நேர்மாறு. கட்டிய அடை, சேர்த்த தேன், வளரும் குஞ்சு எல்லாவற்றையும் இன்னும் பிறக்காத மகளுக்கு விட்டுவிட்டு, கூட வரும் தேனீக்கள் வயிற்றில் நிரப்பிக் கொண்ட தேனை மட்டும் நம்பித் தாய் வெளியேறுகிறாள். கிளையில் வந்து தொங்கும் அந்தக் கூட்டத்திற்குக் காக்க வீடும் இல்லை, குஞ்சும் இல்லை. அதனாலேயே அது பெரும்பாலும் சாதுவாக இருக்கும். பார்த்து நடுங்குகிறவர்கள் நாம்தான்.

அவளுடைய இறக்கையை வெட்டச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். புறப்படுவது என்ற முடிவு அவளுடையதே அல்ல. பெட்டிக்குள் ராஜாங்கம் நடப்பதாக மனிதன் நெடுங்காலம் எண்ணினான். ராஜா என்றே பெயரும் வைத்தான். பதினேழாம் நூற்றாண்டில் டச்சு விஞ்ஞானி யான் ஸ்வாம்மர்டாம் அந்த 'ராஜா'வை அறுத்துப் பார்த்து, உள்ளே இருப்பது சூலகம் என்று காட்டினார். ராஜா ராணியானாள், ஆனாலும் ஆளுகிறாள் என்ற பிரமை போகவில்லை. உண்மையில் பிரிவுக்குச் சில நாள் முன்னாலேயே பணித்தேனீக்கள் அவளுக்குத் தீனியைக் குறைக்கின்றன. முட்டை குறைகிறது, உடம்பு இளைக்கிறது, பறக்க முடிகிறது. போய்ச் சேரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் அவள் அல்ல. 1949-இல் மியூனிக்கில் மார்ட்டின் லிண்டாவர் என்ற விஞ்ஞானி, தொங்கும் கூட்டத்தின் மேல் நடனமாடிய தேனீக்கள் சிலவற்றின் உடம்பில் புகைக்கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருக்கக் கண்டார். அவை புகைபோக்கியையும் சுவர்ப் பொந்தையும் வீடு பார்த்துவிட்டு வந்த தூதர்கள்! எந்த இடம் சிறந்தது என்று ஆடி ஆடிப் பேசி ஒருமனதான பிறகே கூட்டம் கிளம்புகிறது.

இப்போது கத்தரிக்கோலின் பலனைப் பாருங்கள். இறக்கை இழந்த ராணியும் கூட்டத்தோடு வெளியே வருகிறாள், பறக்க முடியாமல் புல்லில் விழுகிறாள், எறும்புக்கு இரையாகிறாள். தலைவியில்லாத கூட்டம் பெட்டிக்குத் திரும்புகிறது. எஜமானர் பூரித்துப் போகிறார். ஒரு வாரம் கழித்து, முழு இறக்கையோடு ஒரு கன்னி ராணி பிறக்கிறாள்; அதே கூட்டம் அவளோடு போகிறது. தாயைக் கொன்றதுதான் கண்ட லாபம்.

கட்டைவிரல் இதைவிடக் கொடியது. ராணி அறை அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலைக் காயைப் போலத் தொங்கும். பத்தை நசுக்குகிறவர் கண்ணுக்குத் தேனீக் கும்பலில் மறைந்த பதினொன்றாவது தப்பிவிடும்; கூட்டம் போய்விடும். ஒன்றுகூடத் தப்பாமல் நசுக்கினால் விபரீதம் வேறு. ராணி ஏற்கெனவே போயிருந்து, அடையில் முட்டையோ மூன்று நாளுக்கு உட்பட்ட இளம் புழுவோ இல்லாவிட்டால், அந்தக் குடும்பத்தால் இன்னொரு ராணியை உண்டாக்க முடியாது. பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். அதிலிருந்து ஆண் தேனீதான் வரும். ஆண் தேனீ தேன் சேர்க்காது. குடும்பம் சோறில்லாமல், வாரிசில்லாமல் அழியும். அப்போதும் நாம் சொல்லப் போவது அந்த ஒரே வார்த்தைதான்!

"எல்லாம் சரி. பாதிக் கூட்டம் போனால் தேனும் போய்விடுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் இலையுதிர்ந்து துளிர்க்கும்போது, பூவிலிருந்து அல்ல, தளிர் இலைக் காம்பின் சுரப்பிகளிலிருந்து மதுரம் கசிகிறது. பிப்ரவரி, மார்ச்சில் மார்த்தாண்டம் பக்கத்துப் பெட்டிகள் நிரம்புவது அதனால்தான். அந்தச் சமயத்தில் கூட்டம் பிரிந்தால் நஷ்டம்தான். ஆகையால் அது பிரியும் வரை காத்திராமல், வரத்துக்கு முன்பே நாமே பிரித்து வைத்துவிட வேண்டும். அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். பெருக்கக் காலத்தில் வாரம் ஒருமுறை கீழ்விளிம்பைப் பாருங்கள். முட்டையிட்ட 8-ஆம் நாள் வாக்கில் ராணி அறை மூடப்படும். 16-ஆம் நாள் வாக்கில் ராணி வெளிவருவாள். ஆகவே ஏழு நாளைக்கு ஒரு பார்வை போதும். இடம் போதாவிட்டால் முதலில் இடம் கொடுங்கள். அதற்கு மேலும் ராணி அறை கட்டினால், பழைய ராணி இருக்கும் சட்டத்தை, குஞ்சும் தேனும் தேனீயும் உள்ள இரண்டு சட்டங்களோடு வேறு பெட்டிக்கு மாற்றித் தள்ளி வையுங்கள். பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றிரண்டை விட்டு வையுங்கள். வெளியே போன தேனீக்கள் பழகிய இடத்துக்கே திரும்பி அந்த வீட்டைக் கவனித்துக் கொள்ளும். தாய்க்குத் தனிக்குடித்தனம், மகளுக்குத் தாய்வீடு.

"புதியவனுக்கு இது கைவருமா?" என்பது அடுத்த ஆட்சேபம். ராணியைக் கையில் பிடித்து, காலை வெட்டாமல் இறக்கையை மட்டும் வெட்டுவது கைவரும் என்றால், அவள் நிற்கிற சட்டத்தைத் தூக்கி வைப்பது கைவராதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991-92-இல் பரவிய தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது. பிழைத்துக் கிடந்த சில குடும்பங்களிலிருந்துதான் இந்தத் தொழில் மறுபடி தலையெடுத்தது. ஒன்று இரண்டாகவும், இரண்டு நாலாகவும் பிரியாமல் வேறு எப்படி அவை பெருகியிருக்க முடியும்? நாம் நசுக்கத் துடிக்கிற அந்தச் சுபாவம் இல்லையென்றால் இன்று பெட்டியும் இல்லை, அதில் தேனும் இல்லை.

பெட்டி நாம் காசு கொடுத்து வாங்கியது. அதனாலேயே உள்ளே இருக்கும் உயிர் நமக்கு அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடவில்லை. மாசி பிறக்கும் முன் தச்சரிடம் சொல்லி இரண்டாவது பெட்டி ஒன்று செய்து வையுங்கள். கத்தரிக்கோலைத் தையற்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவருக்காவது உபயோகப்படும்.