பிள்ளை காதுபட அதைச் சொல்லாதீர்கள்

விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தி, "பெரியவ கெட்டிக்காரி, எதையும் கப்புனு புடிச்சுக்குவா. இவன்தான் கொஞ்சம் மந்தம்" என்கிறோமே, அதைச் சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நிற்பான். எதிர்த்துப் பேச மாட்டான். ஏழு வயதில் அம்மா அப்பா சொல்வதுதான் அவனுக்கு வேதவாக்கு.

1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ராபர்ட் ரோசென்தால் என்ற உளவியலாளரும், பள்ளி முதல்வராக இருந்த லெனோர் ஜேக்கப்சனும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்குத் தேர்வு வைத்துவிட்டு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்து, "இந்த வருஷம் இவர்கள் நன்றாக முன்னேறுவார்கள்" என்றார்கள். அந்தப் பெயர்கள் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து எடுத்தவை அல்ல. சீட்டுக் குலுக்கியதுபோல் எடுத்தவை. வருஷக் கடைசியில் பார்த்தால், ஒன்றாம் வகுப்பில் பெயர் சொல்லப்பட்டவர்களுக்கு நுண்ணறிவு ஈவு சராசரியாக 27 புள்ளி ஏறியிருந்தது, மற்றவர்களுக்கு 12. மேல்வகுப்புகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. சின்ன வயதில்தான் பெரியவர்களின் எண்ணம் அப்படி ஒட்டிக்கொள்கிறது போலிருக்கிறது. 1968இல் இது புத்தகமாக வந்தபோது பலர் குறை சொன்னார்கள். பின்னால் நடந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாகக் கிடைக்கவும் இல்லை. ஆனாலும் விஷயம் பொய்த்துப்போகவில்லை.

ஆசிரியர்கள் மந்திரம் எதுவும் போடவில்லை. தேறுவான் என்று நம்பும் பிள்ளையிடம் பெரியவர்கள் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள், கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பதில் சொல்ல அவகாசம் தருகிறார்கள், தப்பினால் எங்கே தப்பியது என்று விளக்குகிறார்கள். ரோசென்தால் பிற்பாடு எடுத்துச் சொன்ன காரணங்கள் இவைதான். நம் வீட்டில் நடப்பது என்ன? "பன்னிரண்டெட்டு எவ்வளவு?" என்று கேட்கிறோம். அவன் உதடு அசைகிறது, விரல் மடங்குகிறது. அதற்குள் "உனக்கெங்க தெரியப்போவுது, தொண்ணூத்தாறு" என்று நாமே முடித்துவிடுகிறோம். இதே பையனைக் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை ஒரு ரூபாய் பிசகாமல் எண்ணி வாங்கி வருகிறான். அதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. இப்படிப்பட்ட 18 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கண்டார்: மாணவர்களோடு ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு மேல் பழகிவிட்ட ஆசிரியர்களிடம் இந்தப் பலன் அநேகமாக இல்லை. பழகிய சில நாளிலேயே அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் யார் என்ன சொன்னாலும் அது அசைவதில்லை. இரண்டு வாரத்துக்கே இந்தக் கதி. நாமோ பெற்றவர்கள், பிறந்ததிலிருந்து கூடவே இருப்பவர்கள். நம் தீர்ப்பு எவ்வளவு கெட்டித்துப்போயிருக்கும்! பிள்ளை மாதாமாதம் மாறுகிறான், நாம் போன வருஷத்துப் பையனையே திட்டிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாப் பிள்ளையும் மேதையாவான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததற்கு முடிவு கட்டாதீர்கள். ஒரு கேள்வி கேட்டால், அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.