வைராக்கியம் மருந்தல்ல

குடியில் சிக்கியவர் இருக்கும் வீட்டுக்கு வருகிற உறவினர்கள் ஒரு வாசகத்தைச் சொல்லாமல் கிளம்புவதில்லை: “மனசு வெச்சா விட்டுடலாம்.” மாமனார் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சில சமயம் மருத்துவமனை ஊழியர்களே சொல்கிறார்கள். சான்றாக ஐயப்பனுக்கு மாலை போட்டவரைக் காட்டுகிறார்கள். மண்டலம் முழுக்க ஒரு சொட்டு தொடாதவரால் மற்ற நாட்களில் ஏன் முடியாது என்று கேட்கிறார்கள்.

நியாயம்போல ஒலிக்கும் இந்தக் கேள்வி உயிர்களைப் பறிக்கிறது.

மாலை போட்டு உடல் உபாதை இல்லாமல் நிறுத்த முடிந்தவரின் உடல், மதுவுக்கு முழுதாக அடிமைப்படவில்லை. பல ஆண்டுகள் தினமும் காலையிலேயே குடித்தவரின் நிலை வேறு. மது மூளையின் இயக்கத்தை அமுக்குகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென மது நின்றால், கூட்டிய கிளர்ச்சி மட்டும் அப்படியே மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்னும் கடுமையான சித்தக் குழப்பம் வருகிறது. இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊரும், இல்லாத குரல்கள் கேட்கும், ரத்த அழுத்தம் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். வைராக்கியத்தோடு, சாமி மேல் சத்தியம் செய்து நிறுத்தியவருக்கும் இதேதான் நடக்கும்.

மருத்துவமனையில் சேர்த்தால், அந்த நான்கு நாட்களில் கட்டிலருகே இருப்பவர் செவிலியர். குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், தலைவலி, இடம் காலம் பற்றிய தெளிவு என்று பத்து அம்சங்களைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து அவர் மதிப்பெண் போடுகிறார். ‘சீவா-ஏஆர்’ எனப்படும் அந்த அளவுகோலின் எண் ஏறினால் மருத்துவரை அழைக்கிறார், மருந்தின் அளவு மாறுகிறது. “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர், தெம்பு வந்துடும்” என்று வீட்டார் கெஞ்சும்போது, முதலில் தயமின் ஊசி போட்டாயிற்றா என்று பார்ப்பவரும் அவர்தான். நெடுநாள் குடித்தவரின் உடலில் வைட்டமின் பி1 வற்றிக் கிடக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, நினைவாற்றல் நிரந்தரமாகப் போகக்கூடும்.

மன உறுதி ஒன்றே போதும் என்றால், கதவைச் சாத்தினால் குடி தீர்ந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடு முழுக்க மதுக்கடைகள் மூடின. கேரளத்தில் மது கிடைக்காததை ஒட்டித் தற்கொலைகள் நடந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அரசு உத்தரவிட்டது. ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. மதுவைச் சீட்டில் எழுதச் சொன்னதை எதிர்த்த மருத்துவர்கள், அறிவியல்பூர்வமான சிகிச்சை கொடுங்கள் என்றார்கள்.

மன உறுதி போதும் என்ற நம்பிக்கைக்கு ஒரு தம்பியும் உண்டு. “கவலைக்குத்தான் குடிக்கிறான், குடியை விட்டா எல்லாம் சரியாயிடும்” என்பது அது. பாதி உண்மை என்பதால் இது இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவில் ப்ரௌன், ஷுக்கிட் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், குடிநோய்க்காகச் சேர்க்கப்பட்ட ஆண்களில் 42 சதவீதம் பேருக்குத் தொடக்கத்தில் கடும் மனச்சோர்வு இருந்தது. நான்கு வாரம் குடிக்காமல் இருந்தபின் அது 6 சதவீதமாகக் குறைந்தது. பலரின் சோர்வை மதுவே உண்டாக்கியிருந்தது என்பது தெளிவு. ஆனால் அந்த 6 சதவீதத்தினர் யார்? குடி நின்றபின்னும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், சாப்பாட்டைத் தள்ளிவைப்பவர், “நான் இருந்து என்ன பண்ண” என்று முணுமுணுப்பவர். அவரைப் பார்த்து வீட்டார் “விட்டாச்சே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே” என்கிறார்கள். மனநலப் பயிற்சி பெற்ற செவிலியரோ, “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்பார். அப்படிக் கேட்பது எண்ணத்தை விதைக்காது. பேச வழியில்லாதவருக்கு வாசல் திறக்கும். அவருக்கு மனச்சோர்வுக்கான தனிச் சிகிச்சை தேவை. அறிவுரை உதவாது.

திட்டியும் பயனில்லை என்று தெரிந்த குடும்பங்கள் அடுத்து எங்கே போகின்றன என்பதைச் சுவர் விளம்பரங்கள் சொல்லும்: குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம். டைசல்ஃபிரம் மாத்திரையைக் குழம்பில் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அதைச் சாப்பிட்டவர் அறியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயமே தடுமாறலாம். நோயாளி முழுதாக அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது.

எது பலன் தருகிறது? கோவாவில் தீங்கான அளவுக்குக் குடித்துவந்த 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு, 2017-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் முந்தைய இரண்டு வாரமாகக் குடிக்கவில்லை. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 18 சதவீதம். முறையாகப் பேசினால் பலன் உண்டு. கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையும், நோயாளியோடு குடும்பத்தையும் உட்காரவைத்துத்தான் சிகிச்சை கொடுத்துவருகிறது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது, நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆனால் 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். மிச்ச 37 பேரும் அவர்கள் வீட்டாரும் மனசு வைப்பதற்காகக் காத்திருக்கிறார்கள்.

2023-24-ல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசு ஈட்டிய வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த அரசு ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் குடிநோயாளிக்கென்று சில படுக்கைகளையும், மனநலப் பயிற்சி பெற்ற செவிலியரையும் தர வேண்டும். இது சலுகையல்ல, கடமை.

வீட்டில் ஒருவர் நிறுத்தப் போவதாகச் சொன்னால், சத்தியம் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணையோ, போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணையோ கூப்பிடுங்கள். முதல் நான்கு ராத்திரிகள் அவரைத் தனியாக விடாதீர்கள்.