22 கன்றின் வாரிசுகள்

மேரு, காப்பார் பக்கம் நம் பெற்றோர் பால்வெட்டிய மரங்களுக்கும், இன்று அந்த மண்ணில் நிற்கும் செம்பனைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே ஒரு சில தாய்க் கன்றுகளின் வம்சம்.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். பெரும்பாலானவை முளைக்கவே இல்லை. 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். நம் நாட்டுப் பால்மரங்களில் பெரும்பகுதி இவற்றின் வாரிசுகளே. செம்பனையோ, 1848-இல் ஜாவாவின் போகோரில் நட்ட 4 மரங்களின் பரம்பரை.

இந்தச் சின்னக் குடும்பத்துக்குள்ளேதான் ஆய்வாளர்கள் நல்லதைப் பொறுக்கி எடுத்து ஒட்டுக்கட்டினார்கள். பலன் கண்கூடு. விதையில் வளர்ந்த பழைய மரங்கள் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 500 கிலோ ரப்பர் தந்தன, ஆர்.ஆர்.ஐ.எம். 600 அதைப்போல் மூன்று மடங்கு தரக்கூடியது. அதனால் பின்னால் வந்த பல ரகங்களுக்கும் அதுவே தாயாகவோ தகப்பனாகவோ ஆனது.

இங்கேதான் சிக்கல். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாய்ச் சம்பந்தம் பண்ணினால் என்ன ஆகும்? மறைந்து கிடக்கும் குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து பிள்ளையிடம் சேரும். மரத்துக்கும் அதே கதைதான்: வளர்ச்சி குன்றும், விளைச்சல் ஏறாமல் நின்றுவிடும். ஒட்டுக்கன்றில் இன்னொரு ஆபத்து. ஒரே ரகம் என்றால் எல்லாமே ஒரே மரம் மாதிரி. ஒன்றைத் தாக்கும் நோய் தோட்டத்தையே தாக்கும். பிரேசிலில் 1928-இல் தொடங்கிய ஃபோர்டு கம்பெனித் தோட்டத்தை இலைக்கருகல் நோய் அழித்தது. 1945-இல் கம்பெனி கைகழுவிவிட்டுப் போனது. அந்த நோய் இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை. வந்தால் தாங்கும் சக்தி நம் மரங்களுக்குக் குறைவு.

பரிகாரம் புது இரத்தம். 1973-இல் மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரியாவுக்குப் போய்ச் செம்பனை விதை சேகரித்தார்கள். 1981-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் அமேசான் காட்டில் 60,000-க்கு மேற்பட்ட ரப்பர் விதைகளைத் திரட்டினார்கள். ஒரு பங்கு நமக்கும் வந்தது. ஆனால் காட்டு மரம் பால் குறைவாகத்தான் தரும். நல்ல ரகத்தோடு கலந்து, சோதித்து, தேறியதை எடுக்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதுவரை அந்த மரங்களைக் காக்க நிலம் வேண்டும். சுங்கை பூலோ ஆய்வு நிலையம் இருந்த இடமோ இன்று குவாசா டமன்சாரா நகரமாகி வருகிறது.

இலாபம் முதலாளிக்கு, மரம் படுத்தால் முதலில் வேலை போவது நமக்கு. ஆகவே மறுநடவு என்றதும் எந்தக் கன்று, எத்தனை ரகம் என்று கேளுங்கள். சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருப்போரும் ஒரே ரகத்தை முழுக்க நடாதீர்கள்.