மூட்டை கட்டிய சுவர்

போடிநாயக்கனூரில் வெயில் கொளுத்தும் வேளையில் பஸ் ஏறினாலும், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை எட்டுவதற்குள் மேல்துண்டைப் போர்த்திக் கொள்ள வேண்டியிருக்கிறது. தேசமே மாறிவிட்டதை உடம்பு உடனே உணர்ந்து கொள்கிறது. வீடு கட்டுகிறவர்களின் யோசனை மட்டும் ஏனோ அடிவாரத்திலேயே தங்கி விடுகிறது!

என் நண்பர் ஒருவர் ஏலத் தோட்டக்காரர். பெண்ணின் கல்யாணத்துக்குப் பின் மிஞ்சிய பணத்தையெல்லாம் போட்டு மலைமேல் ஒரு வீடு கட்டினார். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணோடு ஒட்டினாற் போலவே பின்சுவரை எழுப்பினார்கள். வைகாசி முகூர்த்தம் தவறிவிடக் கூடாதென்ற அவசரத்தில், சுவர் காயுமுன்பே சிமெண்டு பூசி, அதன்மேல் வழவழப்பான வர்ணமும் அடித்தாயிற்று.

மூன்றாவது மழைக்காலத்தில் நான் போனபோது வர்ணம் அப்பளம் போல் பொரிந்திருந்தது. அலமாரிப் புஸ்தகங்களில் பூஞ்சணம். நண்பரின் வயதான தாயாருக்கு இரவெல்லாம் இழுப்பு.

“உயர்ந்த சிமெண்டாகத்தானே போட்டேன், ஸார்!” என்றார் நண்பர், மனம் நொந்து.

“பச்சை ஏலக்காயை உலர்த்தாமல் மூட்டை கட்டுவீர்களா?” என்று கேட்டேன்.

“நன்றாயிருக்கிறதே! பூசணம் பிடித்துப் போகாதா?”

“சுவரை அப்படித்தான் மூட்டை கட்டியிருக்கிறீர்கள்” என்றேன்.

ஈரமே புகாத சுவர் மலையில் கிடையாது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், இடையில் மூடுபனி. மண்ணிலிருந்தும் நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், சுவரில் ஏறும். ஆகவே, புகுந்த ஈரம் வெளியேற வழி இருக்கிறதா என்பதே கேள்வி. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உள்ளது. ஈரத்தை ஆவியாக வெளியே விடும். சுர்க்கி, அதாவது செங்கற்பொடி, சேர்த்தால் நனைந்த இடத்திலும் நன்றாக இறுகும். சிமெண்டுக்கு வலிமை அதிகம். ஆனால் ஈரச் சுவரின்மேல் அது மூடியாகி விடுகிறது. கான்கிரீட்டுக்குள் நீர் கசிந்தால் கம்பி துருவேறிப் பருத்துக் காரையைப் பிளக்கும்.

இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவையே தாயகமாகக் கொண்ட கட்டட நிபுணர் லாரி பேக்கர் (1917–2007), இதே இடுக்கி மலைகளிலுள்ள வாகமணில் சில ஆண்டுகள் வசித்தவர். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டுமென்று காந்தியடிகள் தம்மிடம் கூறியதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் பக்கத்தில் கிடைப்பதெல்லாம் உழைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரம் ஈரத்தில் விரைவில் உளுத்துவிடும். வைரமேறிய பலாவும் தேக்கும் தலைமுறைக்கு நிற்கும்.

கட்டப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை: அடிப்பீடம் கருங்கல்லில் இரண்டடி உயரமாவது இருக்கட்டும், அதன்மேல் ஈரத்தடுப்புப் படை ஒன்று அவசியம். வெட்டிய சரிவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்க இடம் விட்டு வடிகால் அமையுங்கள். ஓட்டுக் கூரையின் இறவாரம் இரண்டரை அடி நீளட்டும். பூச்சு வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக் கொள்ளுங்கள்.

நண்பர் சிமெண்டைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்பு பூசினார். பின்புறம் வடிகாலும் வெட்டினார். செலவு இரட்டிப்புத்தான். சென்ற ஐப்பசி மழையில் போயிருந்தேன். தாயார் நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருந்தார்.