தீர்ப்புகளின் கணக்கில் தெரியும் வர்க்கம்

உத்தரப்பிரதேசத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் ஒன்று, அதில் மூவரின் பங்கும் ஒன்றே. ஆனால், அவர்களின் மனுக்கள் உச்சநீதிமன்றத்தின் வெவ்வேறு அமர்வுகளுக்குச் சென்றன. ஒருவரின் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மற்றொருவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் மீண்டும் நீதிமன்றத்தை அணுகிய பிறகே இந்த முரண்பாடு கவனத்திற்கு வந்தது. 1982இல் உச்சநீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. தூக்கிலிடப்பட்டவரின் உயிரை அந்த ஒப்புதல் மீட்டுத்தரவில்லை.

தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொரு தீர்ப்பும் சட்டத்தின் தர்க்கமாகவே தோன்றும். அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் அந்தத் தர்க்கத்தின் ஓட்டைகள் தெரியும். தீர்ப்புகள் பற்றிய ஆய்வுகளின் அரசியல் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது.

1980இல் பச்சன் சிங் வழக்கில் ‘அரிதினும் அரிதான வழக்குகளில்’ மட்டுமே மரண தண்டனை என்று உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு வரையறுத்தது. மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி பகவதி, இத்தண்டனை ஏழைகள் மீதே பெரிதும் பாய்கிறது என்று சுட்டிக்காட்டினார். அந்த எச்சரிக்கையை உறுதிசெய்யும் ஆய்வுகள் பின்னர் வந்தன. 1950 முதல் 2006 வரையிலான உச்சநீதிமன்றத்தின் மரண தண்டனைத் தீர்ப்புகளை மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் தமிழ்நாடு - புதுச்சேரி கிளையும் அம்னஸ்டி இந்தியாவும் இணைந்து ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டன. ஒரே வகையான வழக்குகளில் ஒருவருக்குத் தூக்கு, இன்னொருவருக்கு ஆயுள் என்ற நிலையை அது அம்பலப்படுத்தியது. உயிருக்கு நடத்தப்படும் குலுக்கல் என்றே அறிக்கை அதற்குப் பெயரிட்டது.

ஆனால், தீர்ப்பின் வாசகம் முழு உண்மையையும் சொல்லிவிடாது. குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்கு நிலம் இருந்ததா, அவர் பள்ளிக்குச் சென்றாரா, அவருடைய வழக்கறிஞர் அவரை ஒருமுறையாவது சந்தித்தாரா என்பதைப் பெரும்பாலான தீர்ப்புகள் பதிவு செய்வதில்லை. தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனால்தான் நூலகத்தை விட்டுச் சிறைகளுக்குச் சென்றனர். மரண தண்டனை பெற்ற 373 கைதிகளைப் பற்றிய அவர்களது அறிக்கை 2016இல் வெளியானது. அவர்களில் 74 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 76 விழுக்காட்டினர் தலித், பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட, மதச் சிறுபான்மைப் பிரிவினர். 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்களில் மரண தண்டனை பெற்றவர்களில், மேல்முறையீடுகளின் முடிவில் அத்தண்டனை உறுதியானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் விடுதலையே ஆனார்கள். உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் படிப்பவருக்கு இந்தக் கொடுமை கண்ணில் படாது.

நீதிபதி ஒவ்வொருவரும் திட்டமிட்டு ஏழைக்கு எதிராக எழுதுகிறார் என்பதல்ல இதன் பொருள். காவல் நிலையத்தில் தொடங்கி, வாக்குமூலம், வழக்கறிஞர், சாட்சி என ஒவ்வொரு படியிலும் வறுமை குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. கடைசிப் படியில் அது தீர்ப்பாகிறது.

எண்ணிக்கை மட்டுமே போதாது என்பதற்குக் கீழ்வெண்மணியே சான்று. 44 உயிர்கள் எரிக்கப்பட்ட அந்த வழக்கில், 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலப்பிரபுக்களை விடுவித்தது. பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 58 பேர் கொல்லப்பட்ட வழக்கில், தண்டிக்கப்பட்டிருந்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது. புள்ளிவிவரப் பட்டியலில் இவை இரண்டு ‘விடுதலை’கள் மட்டுமே. யாருடைய சொல் நம்பப்பட்டது, யாருடைய சொல் தள்ளப்பட்டது என்று வரிவரியாகப் படித்தால்தான் அவற்றின் சாதி, வர்க்கப் பொருள் விளங்கும்.

ஆய்வுகள் வீண்போவதில்லை. தண்டிக்கப்படுபவரின் வாழ்க்கைச் சூழல், மனநலம் பற்றிய தகவல்களை விசாரணைக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும் என்று 2022இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. இது சிறு முன்னேற்றம்தான். ஆயினும், கேள்வி எழுப்பியவர்கள் இல்லாமல் இதுவும் கிடைத்திருக்காது.

இந்தப் பணியைச் சில பல்கலைக்கழகங்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. தொழிலாளர் நீதிமன்றங்கள், நில வழக்குகள், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள் ஆகியவற்றில் மாவட்ட அளவில் வந்த தீர்ப்புகளைத் தொகுத்துப் படிக்கத் தொழிற்சங்கங்களும் விவசாயிகள் அமைப்புகளும் ஜனநாயக வழக்கறிஞர்களும் முன்வர வேண்டும். சாதகமான ஒரு தீர்ப்பைக் கொண்டாடுவதும் பாதகமான ஒரு தீர்ப்பைக் கண்டிப்பதும் அவசியமே. ஆனால் நூறு தீர்ப்புகளைத் தொகுத்து மக்கள் முன் வைக்கும் இயக்கத்திற்கு, நீதித்துறைச் சீர்திருத்தக் கோரிக்கைகளை எழுப்பும் வலிமை பன்மடங்கு கூடும். மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்ற இடதுசாரிகளின் கோரிக்கைக்கு இரக்கம் மட்டுமல்ல, இந்தக் கணக்கும் ஆதாரமாக நிற்கிறது.